கண்ணாடிக்குப் பத்து அடி

ஜூன் 1, ஞாயிறு

நேற்று நான்கு மணி நேரம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடினோம், ஆளுக்கு ஒரு கேரக்டர், கதை சொல்லி நடத்துகிறவன் நான். அதில் இரண்டரை மணி நேரம் மந்திரவாதி விஸார்டை ஆடுகிற பையன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மிகைப்படுத்தவில்லை, கடிகாரம் பார்த்துத்தான் சொல்கிறேன். அவன் கேரக்டர் ஒன்பதாம் லெவல், ஐந்தாம் லெவல் மந்திரம் போட ஸ்லாட் நாளுக்கு ஒன்றே ஒன்றுதான், தூரத்து ஆளைக் கண்ணாடியில் காட்டுகிற ஸ்க்ரையிங்கை ஒரு தடவை போட்டால் தீர்ந்தது என்று அசால்ட்டாக இருந்தேன். அவன் ஆர்கேன் ரெகவரி என்கிற விஸார்ட் சலுகையில் அந்த ஸ்லாட்டைத் திரும்ப எடுத்து நாளுக்கு இரண்டு தடவை ஆக்கினான். அப்புறம் "இன்னும் ஒரு நாள் சத்திரத்துலயே இருப்போம்" என்று எல்லோரையும் சம்மதிக்க வைத்து மூன்று நாள் ஓட்டிவிட்டான். மொத்தம் ஆறு தடவை. என் வில்லி உப்பு ராணி காலையில் என்ன செய்கிறாள், மதியம் யாரோடு பேசுகிறாள், ராத்திரி எந்தப் படிக்கட்டில் ஏறுகிறாள், எல்லாவற்றையும் நான் வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டிருந்தேன். பார்பேரியன் ஆடுகிற அண்ணன் மூன்றாவது தடவைக்கு மேல் போனில் கிரிக்கெட் ஹைலைட்ஸ் போட்டுவிட்டார். சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் பார்த்தார், நல்ல மனுஷன். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவருடைய கோடரிக்கு நேற்று ஒரு வேலையும் இல்லை.

ஜூன் 2, திங்கள்

ஊர் வீட்டுக் கேமராவில், அம்மா 5.40-க்கு எழுந்தாள். 6.10-க்கு ஹால் லைட்டை அணைத்தாள். காலைத் தாங்கித்தான் நடக்கிறாள்.

ஜூன் 4, புதன்

ஆபீஸில் மதிய இடைவேளையில் ஸ்க்ரையிங் ஸ்பெல்லை முழுசாகப் படித்தேன். இத்தனை நாள் பாதி ஞாபகத்தில் ஓட்டியிருக்கிறேன், வெட்கம்தான். போட்டு முடிக்கவே பத்து நிமிடம். அதற்கப்புறம் கவனம் கலையாமல் இருந்தால் அதிகபட்சம் பத்து நிமிடம் பார்க்கலாம். பார்க்கப்படுகிற ஆள் தப்பிக்க விஸ்டம் சேவ் என்று டைஸ் போட வேண்டும், சேவ் ஜெயித்தால் 24 மணி நேரத்துக்கு அந்த ஆள் மேல் மறுபடி முயற்சி செய்ய முடியாது. கேள்விப்பட்ட ஆள் என்றால் சேவில் 5 கூடும், நேரில் பார்த்த ஆள் என்றால் கூடாது குறையாது, நன்றாகத் தெரிந்த ஆள் என்றால் 5 குறையும். அந்த ஆளின் படம் இருந்தால் 2, துணிமணி இருந்தால் 4, முடியோ நகமோ இருந்தால் 10 குறையும்.

முடி. மார்ச்சில் ரோக் ஆடுகிறவள் ராணியின் சீப்பைத் திருடினாள். நானும் "சீப்பில் நரைமுடி ஒன்று சிக்கியிருக்கிறது" என்று அழகுக்காகச் சொல்லித் தொலைத்தேன். இப்போது கணக்கு இப்படி: ராணிக்கு விஸ்டம் சேவ் 7, முடிக்குப் பத்து போனால் மைனஸ் 3. விஸார்டின் டிசி, அதாவது ராணி எட்ட வேண்டிய எண், 17. ராணி தப்பிக்க டி20-இல், அதாவது இருபது முக டைஸில், 20 விழ வேண்டும், வேறு எந்த எண்ணும் உதவாது. அதற்கு மேல் இவன் டிவினேஷன் ஸ்கூல், குறி பார்க்கிற மந்திரப் பிரிவு. காலையில் தூங்கி எழுந்ததும் இரண்டு டைஸ் உருட்டி வைத்துக்கொள்வான், நான் உருட்டுவதற்கு முன்னால் "அண்ணா, ராணிக்கு 4" என்று அதை எடுத்து வைப்பான். அந்த ஒரு 20-ஐயும் மூடிவிட்டான்.

ஒரு நரைமுடி. என் வாய்க்கு.

ஜூன் 5, வியாழன்

தூக்கம் இல்லை, அதனால் ராணியின் பட்ஜெட் போட்டேன். நான்டிடெக்‌ஷன் என்கிற மறைப்பு மந்திரத்துக்கு ஒரு தடவைக்கு 25 கோல்டுக்கு வைரத்தூள், எட்டு மணி நேரம் தாங்கும். நாள் முழுக்க மறைந்திருக்க 75. துறைமுக வரியில் ராணி இதைக் கட்டிவிடுவாள். அவளுடைய தளபதிக்கு? கணக்கனுக்கு? கழுத்தில் ஒரு தாயத்து மாட்டிவிட்டாலும் முடிந்தது, புத்தகத்திலேயே அப்படி ஒன்று இருக்கிறது, யாரும் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பையன் ஆயிரம் கோல்டு கொடுத்து வெள்ளிக் கண்ணாடி வாங்கினான். ஐந்தாவது லெவலிலிருந்து சேர்த்து வைத்த பணம். வாங்கியவுடன் ஊரில் உள்ள கெட்டவர்கள் எல்லோர் கழுத்திலும் தாயத்து முளைத்தால் அது என்ன நியாயம்? ஃப்ரிட்ஜ் வாங்கிய வீட்டில் கரண்ட்டைப் பிடுங்குகிற மாதிரி.

ஒரு அறை மட்டும் மறைக்கலாம். பிரைவேட் சாங்டம் என்ற மந்திரம், ஒரு வருஷம் தினமும் ஒரே இடத்தில் போட்டால் நிரந்தரமாகிவிடும். அரண்மனை முழுக்கத் தெரியும், ராணி அந்த ஒரு கதவுக்குள் போனால் மட்டும் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. அப்புறம் அந்தக் கதவை விட்டு யாருக்கும் மனசு வேறு பக்கம் போகாது. இது பரவாயில்லை. குறித்து வைக்கிறேன்.

ஜூன் 6, வெள்ளி

கேமரா மேல் துண்டைப் போட்டிருக்கிறாள். பச்சைக் கரை வேட்டித் துண்டு, அப்பாவுடையது.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று கொஞ்சம் கறாராக இருக்கலாம் என்று போனேன். ஸ்க்ரையிங் உண்டாக்குகிற மந்திரக் கண் ராணியிடமிருந்து பத்து அடிக்குள்ளேயேதான் சுற்றும், அவள் போகிற இடத்துக்கு மட்டும் போகும், பக்கத்து அறையை எட்டிப் பார்க்காது. சரி, ராணி அந்தப் பத்து நிமிடமும் மீன் சாப்பிடுகிறாள். முள் எடுக்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. இதில் சலிப்பான் என்று நினைத்தேன். அவன் நோட்டில் "வஞ்சிரம்?" என்று எழுதிக்கொண்டான்!

அடுத்த தடவை கடுப்பில் "குளிக்கப் போகிறாள்" என்றேன். ரோக் ஆடுகிறவள் "இது வேணாம்ண்ணா" என்றாள். சட்டென்று எல்லோரும் அமைதி. சரிதான் அவள் சொன்னது. குளியலறை, படுக்கையறை கிடையாது, யாருக்கும் கிடையாது, என் வில்லன்கள் இவர்களைப் பார்க்கும்போதும் கிடையாது என்று அங்கேயே முடிவு செய்தோம். இதை முதல் நாளே பேசியிருக்க வேண்டும். இப்படி ஒன்று தேவைப்படும் என்று அப்போது தோன்றவே இல்லை.

ஹைலைட்ஸ் அண்ணன் பதினொன்றரைக்கே கிளம்பிவிட்டார். "நாளைக்கு வேலை இருக்கு தம்பி." நாளைக்கு ஞாயிறு.

ஜூன் 10, செவ்வாய்

தங்கச்சி மெசேஜ்: "அம்மா யார் கூட அப்படிச் சிரிச்சுட்டு இருந்தாங்க 4 மணிக்கு?" நானும் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. ஆள் கேமராவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், செருப்பு மட்டும் தெரிந்தது.

ஜூன் 12, வியாழன்

இன்று பஸ்ஸில் திடீரென்று ஞாபகம் வந்தது, ஞாபகம் வந்ததிலிருந்து வேறு எதுவும் ஓடவில்லை.

நெல் கிடங்கு. போன வருஷம் ஐப்பசி வாக்கில், மூன்றாம் லெவலில் இருந்தார்கள். கிடங்குக் கதவைத் திறந்தார்கள், உள்ளே ஓகர் என்கிற ராட்சதர் இரண்டு. நான் ஒரு அறிகுறியும் கொடுக்கவில்லை. வாடை இல்லை, சத்தம் இல்லை, மண்ணில் கால் தடம் இல்லை. "என்ன பார்க்கிறோம்" என்று கேட்டார்கள், "கதவு" என்றேன். இப்போது விஸார்ட் ஆடுகிற பையனின் முதல் கேரக்டர் அங்கேதான் போனது, முதல் ரவுண்டில். அவன் அந்தக் கேரக்டருக்கு அம்மா, தாத்தா, ஊர்த் திருவிழா எல்லாம் எழுதி வைத்திருந்தான், நான்கு பக்கம். செஷன் முடிந்து எல்லோரும் போனபின் எனக்கு ஒரே பெருமை, செமையாக மாட்டினார்கள் என்று ரொம்ப நேரம் தூங்காமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் அவன் இந்த விஸார்டோடு வந்தான். டிவினேஷன் ஸ்கூல்.

அதிலிருந்து ஏழாம் லெவலில் ஆர்கேன் ஐ என்கிற மந்திரக் கண் வந்தது, ஒரு அங்குல சந்து இருந்தால் அந்தக் கண் நுழைந்துவிடும், ஒவ்வொரு சாவித்துவாரத்திலும் விட்டுப் பார்த்தான். இப்போது ஸ்க்ரையிங். நான் இத்தனை நாளும் இவன் ஆட்டத்தைக் கெடுக்கிறான் என்று புலம்பிக்கொண்டிருக்கிறேன். அவன் கதவைத் திறக்கப் பயப்படுகிறான், அவ்வளவுதான். அந்தப் பயத்தைக் கொடுத்தது நான்.

ராத்திரி போன் பண்ணினேன். கிடங்கைப் பற்றி நேரடியாகக் கேட்க வாய் வரவில்லை, அந்த வஞ்சிரம் எழுதியதைச் சொல்லிக் கிண்டல் பண்ணினேன். அவன் சிரிக்கவில்லை. "எது முக்கியம்னு உங்களுக்குத் தெரியும்ண்ணா, எங்களுக்குத் தெரியாதுல்ல" என்றான். பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் பேசி வைத்தோம்: இனி ஸ்க்ரையிங் போடும் முன் அவன் ஒரு கேள்வி சொல்ல வேண்டும், எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறான் என்று. சேவ் தோற்றால் அந்தக் கேள்விக்கு உதவுகிற ஒன்றையாவது நான் நேர்மையாகக் கொடுப்பேன், மூன்று நிமிடத்தில் முடிப்பேன். மற்றவர்கள் அந்த இருபது நிமிடத்தில் என்ன செய்கிறார்கள் என்று நடுநடுவே அவர்கள் பக்கமும் போவேன். அவன் "சரிண்ணா" என்றான். நம்பினானா தெரியாது.

மறுபடி கேமரா பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். இருட்டு ஹால், சாமி விளக்கு மட்டும்.

ஜூன் 13, வெள்ளி

வேலைக்கு வரும் அக்கா போன் பண்ணினார். அம்மா ராத்திரி மாத்திரையைக் கேமராவுக்கு நேரே வந்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டி, வாயில் போட்டு, தண்ணீர் குடிக்கிறாள் அல்லவா. நானும் தங்கச்சியும் தினமும் பார்த்து நிம்மதியாகத் தூங்குகிறோம் அல்லவா. துளசித் தொட்டி மண்ணைக் கிளறும்போது அக்காவுக்கு ஒன்பது மாத்திரை கிடைத்திருக்கிறது. தொட்டி பின்கட்டில் இருக்கிறது. கேமரா ஹாலில்.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று ராணி நடித்தாள்.

ராணியால் அந்தக் கண்ணைப் பார்க்க முடியாது, ஆனால் மறைந்திருப்பதைப் பார்க்கிற சக்தி உள்ளவர்களுக்கு அது முஷ்டி அளவு ஒளி உருண்டையாகத் தெரியும். ராணியிடம் அப்படி ஒரு கிழவன் இருக்கிறான் என்று ஜனவரியிலேயே சொல்லியிருக்கிறேன், யாரும் கவனிக்கவில்லை. விஸார்டின் கேள்வி: "கப்பல் எந்த இரவு வருது?" ராணி அறையில் இருக்கிறாள், கிழவன் கதவோரம் நிற்கிறான், ராணி ஒரு கடிதத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகப் படிக்கிறாள். பௌர்ணமி இரவு, வடக்குத் துறை.

இரண்டு நாளாக எனக்கு இதுதான் உறுத்தல், இது ஏமாற்று இல்லையா, வியாழக்கிழமை நேர்மை என்று சொல்லிவிட்டு சனிக்கிழமை பொய் சொல்வதா என்று. அதனால் ஓட்டையை நானே விட்டு வைத்தேன். கிழவன் ராணியைப் பார்க்கவில்லை, அவளுக்கு மேலே கொஞ்சம் தள்ளிக் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று இரண்டு தடவை சொன்னேன்.

விஸார்ட் தேதியை எழுதிக்கொண்டான். ரோக் ஆடுகிறவள்தான், சிப்ஸைப் பாதியில் நிறுத்திவிட்டு, "தனக்கு வந்த லெட்டரை யாருடா வாய்விட்டுப் படிப்பாங்க?" என்றாள்.

அப்புறம் நாற்பது நிமிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களே அடித்துக்கொண்டார்கள். வடக்குத் துறை பொய் என்றால் கப்பல் தெற்கிலா, இல்லை கப்பலே இல்லையா, எத்தனை நாளாகத் தெரியும் அவளுக்கு, அந்த மீன் சாப்பிட்டதும் நடிப்பா! அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேஜையில் தட்டிப் பேசினார். மீன் நடிப்பில்லை. ஆனால் நான் சொல்லவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

விஸார்ட் மெசேஜ் பண்ணியிருக்கிறான்: "அண்ணா இனிமே என் ஸ்பெல்ல நம்பலாமா வேணாமா?"

ஸ்பெல் பொய் சொல்லவில்லை, ராணிதான் பொய் சொன்னாள் என்று அடித்தேன். அழித்தேன். கிழவன் எங்கே பார்த்தான் என்று சொன்னேனே என்று அடித்தேன், வாத்தியார் மாதிரி இருந்தது, அழித்தேன். கடைசியில் "கிடங்குல நான் பண்ணினது தப்புடா. ஒரு க்ளூவாவது கொடுத்திருக்கணும். இப்ப கொடுக்காம எதுவும் வராது" என்று அனுப்பினேன். இரண்டு நீல டிக். பதில் இல்லை.

ஜூன் 18, புதன்

மாத்திரை பற்றி அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிடுவாள். இன்றும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

ஜூன் 20, வெள்ளி

இன்னும் பதில் இல்லை. வேறு வேலையில்லாமல் பதின்மூன்றாம் லெவலைப் பற்றிக் கவலைப்பட்டேன். டெலிபோர்ட் வந்துவிடும். கண்ணாடியில் பார்த்துவிட்டு நேரே ராணியின் படுக்கை மேல் குதிப்பார்கள். இந்த ஆட்டத்தின் பழைய 3.5 பதிப்பு ஆடின ஆட்கள் இதை ஸ்க்ரை அண்ட் டை என்று சொல்லிச் சொல்லி அழுவார்கள். 2014 பதிப்பின் அட்டவணையைப் பார்த்ததும் மூச்சு வந்தது: மந்திரத்தால் ஒரே தடவை பார்த்த இடம் என்றால் நூற்றில் 43 விபத்து, ஆளுக்கு 3டி10 சேதம், அதாவது மூன்று பத்து முக டைஸ். சரியாகப் போய் இறங்குவது 27 தான்.

தென்காசியில் சாரல் ஆரம்பித்துவிட்டதாம். ஹால் ஜன்னல் திறந்தே கிடக்கிறது, சாத்தச் சொல்ல வேண்டும். சாத்தச் சொன்னால் பார்த்தது தெரியும்.

ஜூன் 22, ஞாயிறு

வந்தான். பதில் அனுப்பாததைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. முறுக்கு கொண்டு வந்திருந்தான்.

கண்ணாடியை எடுத்தான். கேள்வி: "ராணி இப்ப எங்க?" ஒன்றும் தெரியவில்லை என்றேன். சேவா என்றான், சேவே இல்லை, அவள் இருக்கிற இடத்தில் உன் கண் தோன்றவே மாட்டேன் என்கிறது என்றேன். மேல்மாடியில் மூன்றாவது கதவு, இவர்கள் ஒரு மாதமாகப் பார்த்து வரைந்து வைத்த வரைபடத்தில் அது மட்டும் காலி. அவன் அந்தக் காலி இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். கதவுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கேட்டான். ஈரக் கால் தடம், உள்ளே போனது மட்டும், இரண்டு ஜோடி, உப்பு வாடை என்றேன். கொடுத்துவிட்டேன். வேறு என்ன என்றான். அவ்வளவுதான் என்றேன்.

"ரெண்டு பேர்" என்று அண்ணனிடம் சொன்னான். அண்ணன் கோடரியைத் தூக்கிவிட்டார். கதவின் மேல் கை வைக்கிற இடத்தில் மணி பன்னிரண்டரை, வீட்டுக்காரர் லைட்டைப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினார். அங்கேயே நிறுத்தினோம்.

ஜூன் 23, திங்கள்

அம்மா போனில்: "ஏல, நீ பாக்கும்போது அந்தப் பொட்டில நீல லைட்டு மினுங்கும்லா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

எத்தனை நாளாக என்றேன். மாட்டின அன்றைக்கே தெரியுமாம்.

ஜூன் 24, செவ்வாய்

8.15. கேமரா கறுப்பு. துண்டாகத்தான் இருக்கும். கரண்ட் போயிருந்தால் ஆஃப்லைன் என்று காட்டும், இது அப்படிக் காட்டவில்லை.

8.40. இன்னும் கறுப்புதான். சத்தம் மட்டும் வருகிறது, மழையா மிக்ஸியா தெரியவில்லை. போன் எடுக்கவில்லை. பூஜை நேரம்.

9.05. அக்காவும் எடுக்கவில்லை.