மதியத்துக்குள் திரும்பிவிடலாம்: கீழக்குயில்குடியில் ஒரு காலை

இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலைக்கும் போகிற பெண்ணிடம், "களைப்பாக இருந்தால் நாலு நாள் கொடைக்கானல் போய்விட்டு வாயேன்" என்று அன்போடு சொல்பவர்கள் உண்டு. அந்த நாலு நாளுக்கும் பெட்டி அடுக்குவது யார்? சின்னவனுக்கு ஸ்வெட்டர், பெரியவளுக்கு மலைப்பாதை வாந்திக்கு மாத்திரை, விடுதியில் ராத்திரி பால் கிடைக்குமா என்ற விசாரணை எல்லாம் கூடவே மலையேறி வரும். குடும்பத்தோடு நெடுந்தூரம் போவது எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதை அம்மாவின் ஓய்வுக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

எனக்கு வேண்டியிருந்தது யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்க வேண்டாத ஒரு காலைப்பொழுது. மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடும் தூரத்தில் அது கிடைக்க வேண்டும். இந்த விஷயத்தில் மதுரைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஊரைவிட்டுக் கொஞ்சம் வெளியே வந்தால் ஒரு மலையோ கண்மாயோ வந்துவிடுகிறது. நான் தேர்ந்தெடுத்தது மேற்கே சுமார் 12 கிலோமீட்டரில் இருக்கும் கீழக்குயில்குடி சமணர் மலை.

கிளம்புவதற்கு முன் வீட்டில் பேசி வைத்தேன். நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவது கணவரின் பொறுப்பு. அத்தை, "ரசம் வைத்து அப்பளம் பொரித்துவிடுகிறேன். நீ அவசர அவசரமாக ஓடி வராதே, தாயி" என்றார். பாதிக் களைப்பு அந்தச் சொல்லிலேயே இறங்கிவிட்டது. வெளியே கிளம்ப முடியாமல் தவிக்கும் பெற்றோருக்கு இடங்களின் பட்டியல் பெரிதாக உதவாது. வீட்டில் ஒருவர் அந்தப் பொழுதை ஏற்றுக்கொண்டால்தான் காலை வாசலைத் தாண்டி வைக்க முடியும்.

பெரியார் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் ஏறினேன். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எனக்கு இது பெரிய விஷயம். மாதக் கடைசியில் தனக்கென்று ஒரு செலவு செய்ய யோசிக்கிற பெண்ணுக்கு, பயணத்துக்குப் பணம் வேண்டாம் என்பதே கிளம்புவதற்கான தைரியத்தைத் தருகிறது. தேனி சாலையில் பல்கலைக்கழகம் போகும் வழியில் நாகமலை புதுக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் போனேன்.

மலையடிவாரத்தில் தாமரைக்குளம். கரையில் பெரிய ஆலமரங்கள், பக்கத்தில் அய்யனார் கோவில். கோவிலைத் தாண்டிப் பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம் என்கிற சுனை. அதன் மேலே பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர்கள் வணங்கும் அருளாளர்கள். பாம்புப் படம் குடை விரிக்க நிற்பவர் பார்சுவநாதர், கால்களில் கொடி சுற்றியிருக்க நிற்பவர் பாகுபலி. கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிற்பங்கள். அடியில் வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தில், அவற்றைச் செய்யச் சொன்னவர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன.

அந்தப் பெயர்களில் ஒன்றுக்காகத்தான் நான் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தேன். இங்குள்ள ஒரு திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தியின் தாயார் குணமதியார். அச்சணந்தி புகழ்பெற்ற சமணத் துறவி. மதுரையைச் சுற்றிப் பல குன்றுகளில் அவர் பெயர் கல்லில் இருக்கிறது. அவருடைய அம்மாவை "அச்சணந்தி தாயார்" என்று மட்டும் எழுதி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மகன் பெயருக்குப் பின்னால் அவருடைய சொந்தப் பெயரும் இருக்கிறது. பள்ளிக்கூட வாசலில் "யாழினி அம்மா" என்றும், குடியிருப்பில் "மாடி வீட்டு அக்கா" என்றும் அழைக்கப்படும் எனக்கு, ஆயிரம் வருடங்களுக்கு மேலாக வெயிலிலும் மழையிலும் நிற்கும் அந்தப் பெயர் மிக நெருக்கமாகப்பட்டது. மகனைத் துறவுக்குக் கொடுத்த தாய் இந்தப் படிகளில் ஏறி வந்திருப்பாரா, கீழே நின்று பார்த்திருப்பாரா என்று நினைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கச் சொல்ல ஆளில்லை. கைப்பேசியைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

இன்னும் மேலே ஏறினால், பாண்டியன் பராந்தக வீரநாராயணன் காலத்தில் அரசி வானவன் மாதேவியின் பெயரில் எழுந்த மாதேவிப் பெரும்பள்ளி என்கிற சமணப் பள்ளியின், அதாவது சமணர் வழிபாட்டிடத்தின், அடித்தளம் இருக்கிறது. உச்சிக் காற்று நன்றாக இருக்கும். ஆனால் முழங்கால் கெஞ்சினால் பேச்சிப்பள்ளத்தோடு நிறுத்திக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. மலையின் தென்மேற்கே செட்டிப்புடவு குகையில் முக்குடையின் (மூன்று அடுக்குக் குடையின்) கீழ் பெரிதாக அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரைக் கட்டாயம் பாருங்கள். குகைக்குள் சிங்கத்தின் மேலிருந்து போரிடும் இயக்கி என்கிற சமணப் பெண் தெய்வமும் இருக்கிறாள். எதிரி யானை மேல் வருகிறான், அவள் அசரவில்லை.

சிற்பங்களுக்கு அருகிலேயே பாறையில் காதலர் பெயர்களைக் கீறி வைத்திருப்பதைப் பார்க்க மனம் கொதிக்கிறது. பிள்ளைகளைக் கூட்டி வருபவர்கள் இதை அவர்களிடம் முதலில் சொல்லிவிட வேண்டும்.

தனியாக வரும் பெண்கள் ஞாயிறு காலையில் வருவது நல்லது. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களின் நடமாட்டம் இருக்கும். பத்து மணிக்கு மேல் பாறை சுடத் தொடங்கிவிடும். தண்ணீரும், வழுக்காத செருப்பும் வேண்டும்.

அரை நாள் கிடைக்காதவர்களுக்கு வண்டியூர் தெப்பக்குளம் இருக்கிறது. 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். தண்ணீரில்லாமல் கிடந்து பையன்கள் கிரிக்கெட் ஆடிய இடத்தில், சில ஆண்டுகளாக வைகைத் தண்ணீர் நிற்கிறது. வேலை முடிந்து வரும் வழியில் இறங்கி, மைய மண்டபத்தைப் பார்த்தபடி கரைச் சுவரில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அந்த அரை மணி நேரம், ராத்திரி வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும்போது என் குரலிலேயே தெரிகிறது.

அடுத்த ஞாயிறு கணவரின் முறை. அவரும் களைத்துத்தான் இருக்கிறார், வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒத்தக்கடை யானைமலை அடிவாரத்தில், 770இல் பாண்டியரின் அமைச்சர் மாறன் காரி குடைவித்த நரசிங்கப் பெருமாள் கோவிலுக்குப் போகப் போகிறார். பிள்ளைகள் என்னோடு இருப்பார்கள். அத்தையிடமும் கேட்டேன், அவருக்கு எங்கே போக ஆசை என்று. திருமோகூர் என்றார். தன் தங்கையோடு, எங்கள் யாரும் இல்லாமல்.