ஷேவிங் க்ரீம் ஒத்துக்காம பேட்ச் டெஸ்ட் வரைக்கும் போன என் அனுபவம்

தாடி விட்டுக்கோயேன், எதுக்கு இந்த அவஸ்தைன்னு நிறைய பேர் கேட்டுட்டாங்க, அதனால அதை முதல்லயே சொல்லிடுறேன். நான் மணலி பக்கம் ஒரு கெமிக்கல் பிளான்ட்ல ஃபீல்டு ஆபரேட்டர். கேஸ் லீக்குன்னு அலாரம் அடிச்சா பிஏ செட், அதாவது காத்து சிலிண்டரோட வர்ற மூச்சு மாஸ்க்கை மாட்டிக்கிட்டு உள்ள போகணும், அந்த மாஸ்க்கோட ஓரம் நெத்தி, கன்னம், தாடைக்குக் கீழன்னு சுத்தி வர தோல்ல ஒட்டி உக்காரணும், நடுவுல ஒரு நாள் முடி முளைச்சிருந்தாக்கூட சீல் சரியா உக்காராது, காத்து லீக் ஆகும், சிலிண்டர் சீக்கிரம் காலியாகும். அதனால ஷிஃப்டுக்கு வர்றப்ப மழமழன்னு ஷேவ் பண்ணிருக்கணும். ட்ரிம்மர் போட்டுட்டு வந்தாலும் ஒத்துக்க மாட்டாங்க, அது சரியும்கூட, உயிர் விஷயம்.

பல வருஷம் எந்தத் தொந்தரவும் இல்லாமதான் ஷேவ் பண்ணிட்டு இருந்தேன். போன வருஷம் மழைக்காலம் முடியுற சமயம் கழுத்துல, தாடை எலும்புக்குக் கீழ ரெண்டு பக்கமும் அரிப்பு ஆரம்பிச்சுது. சும்மா எரிச்சல் இல்லங்க, நைட்டு தூக்கத்துல சொறிஞ்சு காலைல தலையணை உறையில ரத்தப் பொட்டு இருக்கும், அந்த மாதிரி. கிட்ட போய் கண்ணாடில பார்த்தா தோல் சிவந்து கொஞ்சம் தடிச்சு, அதுமேல ஊசி முனை அளவுல சின்னச் சின்னக் கொப்புளம், சொறிஞ்சா தண்ணி மாதிரி கசியும், காஞ்சப்புறம் பொருக்கு தட்டும். அதுமேல பிளேடு வெச்சு இழுக்குற வலியைச் சொல்லி மாளாது.

ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. சலூன் அண்ணன் "புது பிளேடு தம்பி, முகம் பழகிடும்"னார். வீட்ல போர்வெல் தண்ணிதான் காரணம்னாங்க. சூப்பர்வைசர் மாஸ்க் ரப்பர்னார், ஒருத்தர் மாஸ்க் துடைக்கிற அந்த ஸ்ப்ரேன்னார். எல்லாருமே நடக்கக்கூடியதைத்தான் சொன்னாங்க, ஒண்ணுகூட முட்டாள்தனமான யோசனை இல்ல, கஷ்டமே அங்கதான். ரப்பர்ல சேர்க்குற சில கெமிக்கலுக்கு அலர்ஜி வர்றது தெரிஞ்ச விஷயம். உப்புத் தண்ணில சோப்பு நுரை சரியா வராது, கால்சியத்தோட சேர்ந்து வெள்ளையா திரிஞ்சு தோல்மேல படியும், பிளேடும் வழுக்காம பிடிச்சுப் பிடிச்சு இழுக்கும். ஆஃப்டர்ஷேவ்ல இருக்கிற ஆல்கஹால், படிகாரம், மெந்தால் எல்லாமே சிவந்த தோல்ல பட்டா எரியும்.

மெடிக்கல் ஷாப்ல கழுத்தைக் காட்டுனதும் கேள்வியே கேக்காம ஒரு ட்யூபை எடுத்து வெச்சார். என் தங்கச்சி பி.ஃபார்ம் படிச்சவ, எந்த மருந்து வாங்குனாலும் அட்டையை ஃபோட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பிடுவேன். உடனே கூப்பிட்டா, "அண்ணா அதைப் போடாத, திருப்பிக் குடுத்துரு, அதுல க்ளோபெட்டாசோல் இருக்கு, கூடவே ஃபங்கஸ் மருந்து, ஆன்ட்டிபயாடிக் எல்லாத்தையும் கலந்து வெச்சிருக்கான்"னா. க்ளோபெட்டாசோல்கிறது தோலுக்குப் போடுற ஸ்டீராய்டுலயே ரொம்ப ஸ்ட்ராங்கான வகை, முகத்துல வாரக்கணக்கா போட்டா தோல் மெலிஞ்சு, ரத்தக்குழாய் வெளிய தெரிய ஆரம்பிச்சு, நிறுத்துனதும் முன்னவிட மோசமா சிவந்து எரியும். இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு 2018லயே சட்டத்தை டைட் பண்ணிட்டாங்க, ஆனாலும் கடையில கேட்டா கிடைக்குது. முதல் ரெண்டு நாள் பளிச்சுன்னு சரியான மாதிரி காட்டும், அதுலதான் ஜனங்க மாட்டிக்கிறாங்க, எனக்கு இதை நெனச்சாலே கோவம் வருது.

தங்கச்சிதான் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில ஸ்கின் ஓபிக்குப் போகச் சொன்னா, போறப்ப முகத்துல படுற எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போன்னும் சொன்னா. க்ரீம் ட்யூப் அட்டைப்பெட்டியோட, ஆஃப்டர்ஷேவ், ஃபேஸ்வாஷ், குளிக்கிற சோப்பு, டியோ, பிளான்ட்ல மாஸ்க் துடைக்கிற ஸ்ப்ரே லேபிளோட ஃபோட்டோ, மாஸ்க்கோட ஃபோட்டோ எல்லாம். க்யூல நிக்க அரை நாள் போச்சு, ஆனா அந்த டாக்டரம்மா என்கிட்ட கேட்ட கேள்விகள் மாதிரி அதுக்கு முன்ன யாருமே கேக்கல.

"ஷேவ் பண்ணப்ப எரியுதா, இல்ல அடுத்த நாள் அரிக்குதா?"ன்னு கேட்டாங்க. அப்பதான் யோசிச்சேன். ஷேவ் பண்ணப்ப ஒண்ணும் தெரியாது, அன்னைக்கு ராத்திரியோ மறுநாளோதான் அரிப்பு கிளம்பும். வீக்லி ஆஃப்ல ஷேவ் பண்ணாம விட்டா குறையும், திரும்ப டூட்டிக்கு ஷேவ் பண்ணா அடுத்த நாள் ஏறிடும். "மாஸ்க் எங்க உக்காருது, விரல வெச்சுக் காட்டுங்க"ன்னாங்க. காட்டுனேன். நெத்தில, கன்னத்தோட ஓரத்துல ஒண்ணுமே இல்ல, ஆனா மாஸ்க் படவே படாத கீழ்க்கழுத்துல, குரல்வளைக்குப் பக்கத்துலதான் ஜாஸ்தி. ரப்பரா இருந்தா ரப்பர் படுற கோட்டுலதானே வரணும்னாங்க. அட, இத்தனை நாளா இதைக் கண்ணாடில பார்த்துக்கிட்டேதானே இருந்தோம்னு தோணுச்சு.

அவங்க சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். ஷேவிங் சோப்பு, க்ரீமால தோல் கெடுறது முக்கியமா ரெண்டு வழில. ஒண்ணு, சும்மா எரிச்சல். நம்ம முகத்துத் தோல் லேசான அமிலத் தன்மை உள்ளது, பிஎச் 5ஐ ஒட்டி இருக்கும், ஷேவிங் சோப்பு காரத் தன்மை, 9, 10 வரைக்கும் போகும். அதைத் தினமும் தேய்ச்சு, மேல பிளேடால சுரண்டுனா தோலோட மேல் அடுக்கு வீணாகி எரியும், வறண்டு செதில் உரியும். இது யாருக்கு வேணா வரும், உடனே தெரியும், கொஞ்சம் ரெஸ்ட் குடுத்தா அடங்கும். ரெண்டாவது நிஜமான அலர்ஜி. க்ரீம்ல இருக்கிற ஏதோ ஒரு குறிப்பிட்ட பொருளை உடம்பு எதிரின்னு ஞாபகம் வெச்சுக்குது, அடுத்த தடவை பட்டதும் ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுத்தான் வேலையைக் காட்டும், பல வருஷம் ஒத்துக்கிட்ட பொருளுக்கே திடீர்னு ஒரு நாள் வரலாம், ஒருதடவை வந்துட்டா பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும். எரிச்சல்னா முறையை மாத்துனாப் போதும், அலர்ஜின்னா அந்தப் பொருளைக் கண்டுபிடிச்சு விலக்குற வரைக்கும் எவ்வளவு விலை குடுத்து எந்த க்ரீம் வாங்குனாலும் பிரயோஜனம் இல்ல, ஏன்னா அதே பொருள் பத்து கம்பெனி க்ரீம்லயும் இருக்கலாம்.

அதைக் கண்டுபிடிக்கத்தான் பேட்ச் டெஸ்ட். கழுத்துல இருக்கிறது ஆறணும்னு முதல்ல கொஞ்ச நாளைக்கு மைல்டான ஸ்டீராய்டும், அப்புறம் டாக்ரோலிமஸ்னு ஸ்டீராய்டு இல்லாத ஒரு ஆயின்மென்ட்டும் எழுதிக் குடுத்தாங்க, போட்ட முதல் சில நாள் எரியும், பயந்து நிறுத்திடாதீங்கன்னும் சொன்னாங்க, சொன்ன மாதிரியே எரிஞ்சுது. ஆறுற வரைக்கும் ஷேவ் வேண்டாம்னு ஒரு லெட்டர். அதை ஃபேக்டரி மெடிக்கல் ஆபீசர்கிட்ட குடுத்ததும் என்னை ஃபீல்டுலேர்ந்து எடுத்து கண்ட்ரோல் ரூம் பேனல்ல போட்டாங்க. இதைக் கேட்டு வாங்குறதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, எங்கள மாதிரி மாஸ்க் போடுற வேலைல இருக்கிறவங்க தைரியமா கேளுங்க, அரைகுறை சீலோட கேஸ் ஏரியாவுக்குள்ள போறதுதான் தப்பு.

டெஸ்டை ஜனவரில வெச்சுக்கிட்டோம். மே மாசத்துல வேர்வைல பிளாஸ்திரி நிக்காதாம். முதுகோட மேல்பகுதில, சின்னச் சின்ன அலுமினியக் கிண்ணம் ஒட்டுன டேப்பை வரிசையா ஒட்டுவாங்க, ஒவ்வொரு கிண்ணத்துலயும் வாஸ்லின்ல கலந்த ஒவ்வொரு பொருள். நம்ம நாட்டுக்குன்னு இந்தியன் ஸ்டாண்டர்ட் சீரிஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல நிக்கல், சிமென்ட்ல இருக்கிற குரோமேட், ஹேர்டை கெமிக்கல், கம்பளி கொழுப்பு, ரப்பர் கெமிக்கல்கள், வாசனைக் கலவை, பார்த்தீனியம் செடி எல்லாம் வரும். மாஸ்க் போடுறேன்னு சொன்னதால ரப்பரை விடாம பார்த்தாங்க. என் க்ரீமையும் அப்படியே வெச்சு ஒட்டிடலாமேன்னு கேட்டேன். கூடாதாம், சோப்பு சமாச்சாரத்தை மூடி ஒட்டி வெச்சா அலர்ஜி இல்லாத ஆளுக்கும் சிவந்துரும், ரிசல்ட் குழம்பிடும்.

48 மணி நேரம் அது முதுகுல இருக்கணும். குளிக்கக் கூடாது, வேர்க்கக் கூடாது, குனிஞ்சு நிமிந்து பாரம் தூக்கக் கூடாது. அரிக்கும், முக்கியமா ஒரே ஒரு இடத்துல அரிக்கும், அதைச் சொறியாம இருக்கிறதுதான் பெரிய பாடு. பழைய பனியன் போட்டுக்கோங்க, முதுகுல மார்க்கர்ல கோடு போட்டு விடுவாங்க, அது துணில ஒட்டுனா போகாது. ரெண்டு நாள் கழிச்சுப் பிரிச்சு, டேப் ஒட்டுன சிவப்பு அடங்க கொஞ்ச நேரம் உக்கார வெச்சு ஒருதடவை பார்த்தாங்க, திரும்ப நாலாவது நாள் பார்த்தாங்க. அந்த ரெண்டாவது தடவையை விட்டுடாதீங்க. எனக்கு முதல் தடவை லேசா சந்தேகப்படுற மாதிரி இருந்த இடம் நாலாவது நாள்தான் தெளிவா தடிச்சு, கழுத்துல வந்த அதே சின்னக் கொப்புளத்தோட நின்னுச்சு. ரப்பர் எல்லாம் சுத்தமா நெகட்டிவ். பாசிட்டிவ் ஆனது ஃப்ராக்ரன்ஸ் மிக்ஸ், அதாவது வாசனைக் கலவை.

அந்தக் கலவையில எட்டுப் பொருள் இருக்கு. பட்டைல இருக்கிற சின்னமால், கிராம்புல இருக்கிற யூஜினால், ரோஜா வாசனை குடுக்குற ஜெரானியால், அப்புறம் ஓக்மாஸ்னு மரத்துல படர்ற ஒரு பாசி மாதிரியானதுலேர்ந்து எடுக்கிறது, இப்படி. ஆம்பளைங்க ஆஃப்டர்ஷேவ்ல வர்ற அந்த 'ஃப்ரெஷ் சலூன் வாசனை'க்கு இந்த ஓக்மாஸ் ரொம்பப் பழைய சரக்கு. பட்டை கிராம்புன்னதும் எனக்கு பிரியாணி ஞாபகம்தான் வந்துச்சு, சாப்பிடலாமான்னு கேட்டேன். வாயில, உதட்டுல தொந்தரவு எதுவும் வரலன்னா விட வேண்டியதில்லன்னாங்க, நிம்மதியாச்சு.

இங்கதான் ஹெர்பல், நேச்சுரல், ஆயுர்வேதிக்னு போட்டிருந்தா சேஃப்னு நம்புறவங்களுக்குச் சொல்லணும். எலுமிச்சைத் தோல்ல இருக்கிற லிமோனின், லாவண்டர்ல இருக்கிற லினலூல் ரெண்டும் காத்து பட்டுப் பட்டு ஆக்சிடைஸ் ஆனப்புறம்தான் நிறைய பேருக்கு அலர்ஜி குடுக்குது, அதனால திறந்து ரொம்ப நாள் கிடக்குற டப்பா இன்னும் மோசம். செடிலேர்ந்து வந்ததா, லேப்லேர்ந்து வந்ததான்னு தோலுக்குத் தெரியாது. ஐரோப்பால 2005லேர்ந்தே 26 வாசனைப் பொருளை ஒரு அளவுக்கு மேல இருந்தா பேர் சொல்லி லேபிள்ல போட்டே ஆகணும், 2023ல அந்த லிஸ்டை இன்னும் நிறைய நீட்டிட்டாங்க. நம்ம ஊர் ட்யூப்ல பெரும்பாலும் 'பெர்ஃபியூம்'னு ஒத்த வார்த்தையோட முடிஞ்சிடும், உள்ள என்ன இருக்குன்னு நாம ஜோசியம்தான் பார்க்கணும். இது மாறணும், வாங்குறவனுக்கு இது தெரிய வேண்டிய விஷயம்.

'அன்சென்டட்', அதாவது வாசனையில்லாததுன்னு போட்டிருக்கிறதுல சில சமயம் மத்த பொருளோட வாடையை மறைக்கவே வாசனை சேர்த்திருப்பாங்க. அதனால முன்பக்கம் போட்டிருக்கிறதை விட்டுட்டு பின்பக்கத்து இன்க்ரீடியன்ட் லிஸ்ட்ல பெர்ஃபியூம், ஃப்ராக்ரன்ஸ், பர்ஃபம், எசன்ஷியல் ஆயில் எதுவுமே இல்லாததைத் தேடி எடுத்தேன். அதையும் நேரா முகத்துல போடல, முழங்கை மடிப்புக்குள்ள ஒரு சின்ன இடத்துல காலையும் சாயங்காலமும் கொஞ்சமா தடவி, முகத்துல இருக்கிற அளவு நேரம் விட்டுக் கழுவி, ஒரு வாரத்துக்கு மேல பார்த்துட்டு எதுவும் வரலன்னதும்தான் தாடைக்குப் போனேன். இதுவும் டாக்டரம்மா சொல்லிக் குடுத்ததுதான்.

இப்ப முறையையும் மாத்திட்டேன். குளிச்சு முடிச்ச உடனே ஷேவ், முடி தண்ணில நல்லா ஊறினா பாதி வேலை முடிஞ்சுது. கடைசியா கழுவ மட்டும் கேன் தண்ணி. பிரஷ் புதுசு, பழைய பிரஷ்ல பழைய க்ரீம் வாசனை எவ்வளவு கழுவினாலும் போகல. முடி போற போக்குலயே ரெண்டு இழுப்பு, எதிர்ப்பக்கம் போறதில்ல, ஆனா சீலுக்கு அது போதும், மாஸ்க் சரியா உக்காருதான்னு பார்க்கிற ஃபிட் டெஸ்ட்ல பாஸ் ஆகிட்டேன். முடிச்சதும் ஆஃப்டர்ஷேவும் இல்ல, படிகாரமும் இல்ல, வெறும் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். சலூனுக்கு முடி வெட்டப் போறப்ப அண்ணன்கிட்ட முன்னாடியே சொல்லிடுறேன், "பின்கழுத்துக்கு என் க்ரீமையே போடுங்கண்ணே, பவுடர் வேண்டாம்"னு. முதல்ல ஒரு மாதிரி பார்த்தார், கழுத்து ஆறுனதைக் காட்டுனப்புறம் அவரே ஞாபகமா பவுடர் டப்பாவைத் தள்ளி வெச்சிடுறார்.

இதைக் கேட்டுட்டு பி ஷிஃப்ட்ல ஒரு தம்பி தனக்கும் வாசனை அலர்ஜிதான்னு முடிவு பண்ணி என் க்ரீமை வாங்கிப் போட ஆரம்பிச்சான், ஒண்ணும் கேக்கல. கூட்டிட்டுப் போய் காட்டுனா அவனுக்கு அலர்ஜியே இல்ல. சுருட்டை முடி, நாலு பிளேடு ரேசரை எதிர்ப்பக்கமா இழுத்து இழுத்து வெட்டுன முடி தோலுக்குள்ளயே வளைஞ்சு குத்திக்கிட்டு, அதைச் சுத்தித்தான் கட்டி கட்டியா வந்திருக்கு. அவனுக்கு க்ரீம் மாத்தச் சொல்லல, ரேசரை ஒத்த பிளேடுக்கு மாத்தி, தோலை இழுத்துப் பிடிக்காம முடி போற போக்குல மட்டும் எடுக்கச் சொல்லி, கொஞ்ச நாளைக்கு ஷேவே வேண்டாம்னு அவனுக்கும் லெட்டர் குடுத்திருக்காங்க. இப்ப அவனும் கண்ட்ரோல் ரூம் பேனல்லதான் உக்காந்திருக்கான்.