கல்லீரலுக்குப் பரவினாலும் ஆபரேஷன் உண்டு

அப்பாவின் பெருங்குடல் புற்றுநோய்க் கட்டி கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்ததும், "நாலாவது ஸ்டேஜாம், இனி எதுக்கு அவரைப் போட்டு வதைக்கணும்" என்றார்கள் சொந்தக்காரர்கள். தயவுசெய்து அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் போய்ச் சேருவது கல்லீரலுக்குத்தான். அதனால் சிலருக்குப் பரவல் அங்கேயே நின்றிருக்கும். அதை முழுதாக வெட்டி எடுக்க முடிந்தால், குணமாகவும் வாய்ப்பு உண்டு.

அப்பாவுக்கு ஒரு கட்டி பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இருந்தது. "முதல்ல கீமோ. சுருங்கட்டும், அப்புறம் எடுத்துடலாம்" என்றார் சர்ஜன். பாரிஸை ஒட்டிய பால் ப்ரூஸ் மருத்துவமனையில் பிஸ்முத் என்ற சர்ஜனின் குழுவினர் 1996-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. ஆபரேஷனுக்கு வழியே இல்லை என்றிருந்த 330 பேரில் 53 பேருக்குக் கீமோவால் வழி பிறந்தது. அவர்களின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 40 சதவீதம். எல்லோருக்கும் கிடைக்காதுதான். ஆனாலும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் கீமோவுக்குப் போனோம்.

ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறிய நாட்களில் குளிர்ச்சி எதுவும் அப்பாவுக்கு ஆகாது. குழாய்த் தண்ணீரில் கை நனைத்தாலே விரல் நுனியெல்லாம் ஊசி குத்தும். எவர்சில்வர் டம்ளரைத் துண்டு சுற்றித்தான் பிடிப்பார். இன்னொரு மருந்து 46 மணி நேரம் இறங்க வேண்டும் என்பதால், இடுப்பில் பம்ப்போடு வீட்டுக்கு வந்து, அதை அணைத்தபடியே தூங்குவார்.

ஸ்கேனில் கட்டிகள் சுருங்கியதும் அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் ஏத்தினா கரைஞ்சே போயிடும்ல?" சர்ஜன் சம்மதிக்கவில்லை. கீமோ நீண்டால் கல்லீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெடும், வெட்டிய பிறகு மீதி வளர்ந்து ஈடுகட்ட வேண்டிய உறுப்பு அது என்றார். ஸ்கேனில் மறைந்த இடத்திலும் பெரும்பாலும் உயிருள்ள செல்கள் இருக்குமாம், சர்ஜனுக்குத்தான் இடம் தெரியாமல் போய்விடும். சில வாரம் இடைவெளி விட்டு ஆபரேஷன் நடந்தது. மீதிக் கீமோ அதன் பிறகு.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால், கீமோ தொடங்கும் முன்பே கல்லீரல் ஆபரேஷன் செய்து பழகிய சர்ஜனிடமும் ஸ்கேனைக் காட்டுங்கள். முடிந்தால் கீமோ டாக்டரையும் அவரையும் சேர்ந்து பேசச் சொல்லுங்கள். அந்த முதல் ஸ்கேனைப் பத்திரமாக வையுங்கள். கட்டிகள் முன்பு எங்கே இருந்தன என்பதற்கு அதுதான் வரைபடம்.