இரண்டு டிரைவரைத் தின்ற லேன் கேபிள்

ஆயாவுக்கு ஒரு பல்லாங்குழிப் பலகை செய்து தருகிறேன் என்று வாயை விட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஆரணிப் பக்கம் இருந்த பழைய வீட்டை இடித்தபோது கதவிலிருந்து கழற்றி வைத்த தேக்குப் பலகைகள் இரண்டு பரணில் கிடந்தன, ஒன்றரை அங்குலக் கனம், தட்டினால் கணகணவென்று சத்தம் வரும். கடையில் வாங்கிய மரமென்றால் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இது அப்படி இல்லை, கெடுத்தால் இன்னொன்று எங்கும் கிடைக்காது.

மிஷின் என்றால் கம்ப்யூட்டர் சொல்படி மரம் செதுக்கும் சிஎன்சி, நானே கட்டியது. காட்பாடியில் வீட்டு மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு அதில் வைத்திருக்கிறேன். எக்ஸ் பக்கம் (இடவலம்) 600 மி.மீ., ஒய் பக்கம் (முன்பின்) 400, மேலும் கீழும் போக இசட், மூன்று ஆக்சிஸுக்கும் 1605 பால் ஸ்குரூ (சுற்றச் சுற்ற நகர்த்தும் திருகுத் தண்டு), நாலு நெமா 23 ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாகச் சுற்றுவது, ஒய்க்கு மட்டும் இரண்டு), மூளைக்கு ஒரு அர்டுயினோ ஊனோ போர்டில் ஜிஆர்பிஎல் என்ற சாஃப்ட்வேர், மோட்டார்களுக்குக் கரண்ட் கொடுக்க நாலு டிபி6600 டிரைவர், 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). மரம் செதுக்குவது ஒரு ட்ரிம்மர் ரூட்டர் (வேகமாகச் சுற்றும் பிட் மாட்டிய கருவி). இதுவரை வீட்டுப் பெயர்ப்பலகை, கோல அச்சு, தெரிந்தவர்கள் கேட்ட சாவி மாட்டும் பலகை என்று சின்னச் சின்ன வேலைதான். எல்லாமே மரம் வைக்கும் படுக்கையின் முன்பக்க ஓரத்திலேயே முடிந்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்குத்தான் கடைசிவரை இது உறைக்கவில்லை.

பல்லாங்குழிக்கு 14 குழி, வரிசைக்கு 7. குழிக்கு 50 மி.மீ. அகலம், 15 ஆழம், உருண்டை முனை பிட். முதல் வரிசை ஏழும் அச்சில் வார்த்த மாதிரி வந்தது. இரண்டாம் வரிசையில் 10வது குழி முடிந்து 11வதுக்குப் போகும்போது எக்ஸ் மோட்டார் கரகரவென்று நடுங்கியது, நடுங்கியதே தவிர நகரவில்லை. இசட் பாட்டுக்கு இறங்க, 11வது குழி 10வது குழியின் மேலேயே பாதி ஏறி உட்கார்ந்துவிட்டது. எமர்ஜென்சி சுவிட்சைத் தட்டுவதற்குள் வேலை முடிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் எக்ஸ் மோட்டாரில் பிடிப்பே இல்லை, மோட்டாரையும் ஸ்குரூவையும் இணைக்கும் காப்ளிங்கை ஒரு விரலால் சுற்ற முடிந்தது. கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தால் எக்ஸ் டிரைவரிடமிருந்து அந்த வாசனை. எலக்ட்ரானிக்ஸில் கை வைத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வாசனைதான்.

அது மே மாசம். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, அதிலும் தகரக் கூரைக்குக் கீழே, மூடிய பெட்டிக்குள் நாலு டிரைவர். சூட்டில்தான் போயிருக்கிறது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். பெட்டியில் இரண்டு ஃபேன் மாட்டினேன், தூசுக்குக் கொசுவலை வெட்டி ஒட்டினேன், ஸ்பேராக இருந்த டிபி6600 ஒன்றை எக்ஸுக்குப் போட்டேன். இரண்டு நாள் துண்டு ப்ளைவுட்டில் பெயர் எழுத்து வெட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் பல்லாங்குழி டிசைனையே ப்ளைவுட்டில் முழுசாக ஓட்டினேன். முதல் வரிசை சரி. இரண்டாம் வரிசையில் அதே கரகர. பதறிப்போய் எக்ஸ் மோட்டாரின் கனெக்டரைப் பிடுங்கிச் சொருகிப் பார்த்தேன், கரண்ட் இருக்கும்போதே. அப்புறம் அந்த டிரைவரும் போய்ச் சேர்ந்தது. ஓடும் மோட்டாரை டிரைவரிடமிருந்து பிடுங்கக் கூடாது என்பது இந்த வேலையில் முதல் பாடம், அது தெரிந்தேதான் செய்தேன். அதனால் இரண்டாவது டிரைவரைக் கொன்றது எதுவென்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

டிரைவர் செத்துவிட்டதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. பவரை எடுத்து, மோட்டார் கம்பிகளைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை டயோடு மோடில் வைத்து கிரவுண்டில் சிவப்பு, ஒவ்வொரு அவுட்புட்டிலும் கறுப்பு. நல்ல டிரைவர் நாலு முனையிலும் (ஏ, பி என்று இரண்டு காயில், ஒவ்வொன்றுக்கும் பிளஸ், மைனஸ்) 0.5 பக்கத்தில் ஒரே மாதிரி காட்டும். என்னுடைய இரண்டிலுமே பி பிளஸ் முனையில் மட்டும் 0.00, கூடவே நீளமாக ஒரு பீப். இரண்டு தடவையும் ஒரே காயில் பக்கம் செத்திருக்கிறது என்பதை அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் தெருமுனையில் ஒரு மோட்டார் வைண்டிங் கடை இருக்கிறது. போர்வெல் மோட்டார்களுக்கு நடுவில் உட்கார்ந்தே வயசு போன அண்ணன், ஸ்டெப்பர் மோட்டாரை அதுவரை பார்த்ததுகூட இல்லை. மோட்டாரைக் கழற்றிக்கொண்டுபோய் "அண்ணா, காயில் எரிஞ்சிடுச்சா பாருங்க" என்றேன். தண்டைச் சுற்றினார், பிறகு ஒரே காயிலின் இரண்டு கம்பியை முறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி சுற்றினார், தண்டு கெட்டியாக நின்றது. அடுத்த காயிலுக்கும் அதே மாதிரி. "மோட்டார் நல்லாத்தான் கீது தம்பி. எந்த எடத்துல நிக்குது?" என்றார்.

"எக்ஸ் ஆக்சிஸ்ணா."

"அது இல்லப்பா. மிஷின் எங்க நின்னுக்கினு இருக்கும்போது நிக்குது?"

யோசித்துப் பார்த்தேன். இரண்டு தடவையும் இரண்டாம் வரிசை. அதாவது கேன்ட்ரி (ரூட்டரைத் தாங்கும் பாலம்) முழுசும் ஒய்யில் பின்னால் தள்ளிப் போயிருக்கும்போது. எக்ஸ் மோட்டார் கேன்ட்ரியின் மேலே உட்கார்ந்திருக்கிறது, எக்ஸ் ஓடும்போது அதன் கேபிள் மடங்குவதே இல்லை. ஒய் ஓடும்போதுதான் டிராக் செயினுக்குள் (கேபிளைத் தாங்கி மடங்கும் பிளாஸ்டிக் சங்கிலி) மடங்கி நிமிர்கிறது. சின்ன வேலைகள் எல்லாம் முன்பக்கத்திலேயே முடிந்ததால் செயினின் அந்த இடம் அதிகம் அசையவே இல்லை.

சாயங்காலம் மாடிக்கே வந்தார். மீட்டரை பஸ்ஸரில் வைத்து, பெட்டிப் பக்கம் பி பிளஸ், பி மைனஸ் முனைகளில் ஊசியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மறுமுனையில் மோட்டாரை மாட்டியிருந்தோம், அதனால் காயில் வழியாக பீப் வந்துகொண்டே இருக்க வேண்டும். அவர் இரண்டு கையாலும் இரண்டு ஒய் காப்ளிங்கையும் சேர்த்துச் சுற்றச் சுற்ற, கேன்ட்ரி எறும்பு மாதிரி பின்னால் நகர்ந்தது. பீ என்று ஒரே சீராக ஒலித்தது, 90 மி.மீ., 100, 110, 120 தாண்டியதும் பீ பீ பீ என்று துண்டுதுண்டாகி, சட்டென்று நின்றது. திரையில் ஓஎல், அதாவது இணைப்பே இல்லை. இன்னும் நாலு சுற்று சுற்றினார், பீப் திரும்பி வந்தது. முன்னால் கொண்டுவந்தார், அதே இடத்தில் மறுபடி மௌனம். "இதாம்ப்பா" என்று சொல்லிவிட்டு டீ கேட்டார்.

இப்போது என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு இன்டர்நெட் இழுத்தபோது மீந்த லேன் கேபிள் ஒரு சுருள் இருந்தது. அதில் எட்டுக் கம்பி, இரண்டு இரண்டாகச் சேர்த்தால் ஸ்டெப்பருக்குத் தேவையான நாலு, ஆம்பியரும் தாங்கும். கணக்கு சரிதான். ஆனால் சுவருக்குள் போடும் லேன் கேபிளில் ஒவ்வொரு கம்பியும் ஒற்றை இழை, ஒரு தடவை வளைத்து நிறுத்துவதற்கானது, தினமும் நூறு தடவை மடக்கி நிமிர்த்த அல்ல. செயினிலிருந்து உருவி பிளேடால் தோலைக் கீறினேன். மேலே ஜாக்கெட் புத்தம் புதுசு, உள்ளே பி பிளஸ் ஜோடியில் ஒரு கம்பி எப்போதோ சுத்தமாக அறுந்து முனை கறுத்திருந்தது, இன்னொன்று பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இரண்டு துண்டு. இரண்டாகச் சேர்த்ததால் முதல் கம்பி அறுந்தபோது மீட்டரில் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.

கம்பி அறுந்தால் மோட்டார் நிற்பது புரிகிறது, டிரைவர் ஏன் சாக வேண்டும் என்று கேட்கலாம். காயிலுக்குள் இரண்டரை ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போது வழி திடீரென்று அறுந்தால், காயில் சேர்த்து வைத்த காந்த சக்தி எங்காவது போயாக வேண்டும். அறுந்த இடத்தில் வோல்டேஜ் எகிறி பொறியாகப் பறக்கும், தொட்டு விட்டு, தொட்டு விட்டு, ஒரு விநாடிக்குள் பல தடவை. 40 வோல்ட் சொச்சம் வரைதான் தாங்கும் டிரைவருக்கு அது போதும். கனெக்டரை ஓட்டத்தில் பிடுங்கினாலும் நடப்பது இதேதான்.

அடுத்த சனிக்கிழமை காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். நாலு டிஎம்542 டிரைவர், 36 வோல்ட் எஸ்எம்பிஎஸ் ஒன்று, நாலு பின் ஜிஎக்ஸ்16 கனெக்டர்கள், டிராக் செயினுக்கென்றே வரும் நாலு கோர் 0.75 ஸ்கொயர் ஷீல்டு கேபிள் 12 மீட்டர். பழைய செயினின் வளைவு ஆரம் 28 மி.மீ.தான், 7 மி.மீ. கேபிளுக்கு அது ரொம்பக் குறுகல், குறைந்தது ஏழெட்டு மடங்காவது வேண்டும் என்பதால் பெரிய செயினும் வாங்கினேன். எக்ஸ் டிரைவர்தானே போச்சு, எதற்கு நாலையும் மாற்றினாய் என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மீதி மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. டிஎம்542 50 வோல்ட் வரை தாங்கும், வேகத்தில் மோட்டார் கத்தாது, ரொம்ப நாளாக மனசில் இருந்த ஆசை, சாக்கு கிடைத்தது, அவ்வளவுதான்.

வயரிங்குக்கு மட்டும் இரண்டு ஞாயிறு போனது. முன்பு கம்பி முனைகளுக்கு ஈயம் பூசி ஸ்குரூ டெர்மினலில் இறுக்கியிருந்தேன், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கிக் கொடுத்துக்கொண்டே போகும், இப்போது டெஸ்டரை வைத்தால் பாதி ஸ்குரூ தானாகச் சுற்றியது. இந்த முறை எல்லா முனைக்கும் பின் லக்ஸ் போட்டு கிரிம்ப் அடித்தேன். ஷீல்டை, அதாவது கேபிளின் உலோகப் பின்னலை, பெட்டிப் பக்கம் மட்டும் எர்த்தில் சேர்த்து, மோட்டார் பக்கம் வெட்டி ஸ்லீவ் போட்டு விட்டேன். செயினின் இரண்டு வாயிலும் கேபிளைக் கிளாம்ப் பண்ணினேன், உள்ளே எங்கும் டை போடவில்லை, அது தன் இஷ்டத்துக்கு நகர வேண்டும். ரூட்டரின் 230 வோல்ட் வயரை செயினுக்குள் தனி அறையில் ஓட்டினேன். சும்மா இருக்கும்போதே லிமிட் சுவிட்ச் (ஓரத்தைத் தொட்டால் நிறுத்துவது) பட்டதாகச் சொல்லி ஜிஆர்பிஎல் அலாரம் 1 அடிக்கும் தொல்லை ஒன்று முன்பு இருந்தது, அதுவும் அன்றோடு நின்றது.

டிரைவர் பக்கம் ஒரு கூத்து. சிக்னல் பிளஸ் முனைகள் எல்லாவற்றையும் 5 வோல்ட்டில் சேர்த்து, மைனஸ் முனைகளை அர்டுயினோவுக்குக் கொடுத்தேன், எனேபிளையும் (டிரைவரை ஓடு, நிறுத்து என்று சொல்லும் முனை) சேர்த்து. ஓட்டினால் மோட்டார் வேலை சொன்னதும் தளர்ந்து தூங்குகிறது, சும்மா விட்டால் விறைத்துக்கொண்டு நிற்கிறது. எங்கள் ஆபீஸில் இப்படி ஒருவர் உண்டு. காரணம் என்னவென்றால், ஜிஆர்பிஎல் எனேபிள் பின்னை லோ (0 வோல்ட்) ஆக்கினால் ஓடு என்று அர்த்தம், இந்த வயரிங்கிலோ லோ ஆனதும் டிரைவரின் ஆப்டோ (உள்ளே சிக்னல் வாங்கும் குட்டி விளக்கு) ஒளிர்ந்து நிறுத்து என்று அர்த்தமாகிவிடுகிறது. ஜிஆர்பிஎல்லின் டாலர் 4 ($4) செட்டிங்கை மாற்றினால் சரியாகிவிடும். நான் எனேபிள் கம்பியையே கழற்றிவிட்டேன், ஒன்றும் மாட்டாவிட்டால் டிஎம்542 எப்போதும் எனேபிள்தான். சூட்டுக்கு, நிற்கும்போது கரண்டைப் பாதியாக்கும் நாலாவது டிப் சுவிட்ச் இருக்கிறதே, போதும்.

கரண்டை 2.84இல் வைத்தேன், ஒரு சுற்றுக்கு 1600 பல்ஸ். ஸ்குரூ சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வதால் 1600ஐ 5ஆல் வகுத்து மி.மீ.க்கு 320 பல்ஸ், பழைய கணக்கேதான், ஜிஆர்பிஎல்லில் எதையும் தொடவில்லை. எக்ஸ் மட்டும் தலைகீழாக ஓடியது, ஏ பிளஸையும் ஏ மைனஸையும் மாற்றிப் போட்டேன். 300 மி.மீ. ஓடச் சொல்லி ஸ்டீல் ஸ்கேல் வைத்தேன், கோட்டின் மேலேயே நின்றது. அப்புறம் ஒய்யை முன்னும் பின்னுமாக 200 தடவை ஓடவிட்டு, ஒவ்வொரு தடவையும் கடைசியில் எக்ஸை 50 மி.மீ. போய்வரச் சொல்லி மிகச் சின்ன நகர்வையும் முள்ளில் காட்டும் டயல் கேஜை நிறுத்தினேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் முள் அரைக் கோடு தள்ளியிருந்தது, அதுவும் கேஜ் ஸ்டாண்டை நான் இடித்ததாகக்கூட இருக்கலாம்.

இரண்டாவது தேக்குப் பலகையில் 14 குழியும் வந்துவிட்டது. 11வது குழி வெட்டும்போது மட்டும் எமர்ஜென்சி சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றேன். ஆயா புளியங்கொட்டை போட்டுப் பார்த்துவிட்டு, குழி ஆழம் பத்தாது, கை நிறைய அள்ள வரவில்லை என்றாள். இன்னும் 4 மி.மீ. இறக்க வேண்டும், நல்ல வேளை பலகையில் கனம் இருக்கிறது. இசட் மோட்டாருக்கு இன்னும் பழைய லேன் கேபிள்தான் ஓடுகிறது, 12 மீட்டரை அளந்து வாங்கியதில் ஒன்றரை மீட்டர் குறைத்துக் கணக்குப் போட்டுவிட்டேன், அது வரும்வரை ரூட்டரை ஆன் பண்ணப் போவதில்லை.