கம்மாயின் கண்

செங்கல்பட்டுப் பக்கம் ஏரி, திருநெல்வேலியில் குளம். சிவகங்கைக்காரர்களான எங்களுக்குக் கம்மாய். எழுதும்போது மட்டும் கண்மாய்.

கண்வாய் என்பதுதான் கண்மாய் ஆனது என்பார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. கண் என்றால் இங்கே தண்ணீர் வெளியேறும் துளை. மேட்டூர் அணை நிரம்பினால் 16 கண் மதகைத் திறந்தார்கள் என்று செய்தியில் வருமே, அதே கண். ஊற்றுக்கண்ணும் அதுதான். வகரம் மகரமாவது எங்கள் பேச்சில் சாதாரணம். வானம் பார்த்த பூமியை என் அப்பத்தா மானம் பாத்த பூமி என்றுதான் சொல்லும். விழிப்பதை முழிப்பது என்கிறோம். கண்வாய் அப்படித்தான் கண்மாயாகி, கம்மாயாகி, அவசரத்தில் வெறும் கம்மாவாகவும் ஆகிவிட்டது.

கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர் கிடக்கிற ஒன்றுக்கு, கரையடியில் இருக்கும் துளையை வைத்துப் பெயர் சொல்லியிருக்கிறார்கள். விவசாயம் பார்த்தவர்கள் வைத்த பெயர் என்பது அதிலேயே தெரிகிறது. ராமநாதபுரம் மாவட்டத்து ராஜசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்பார்கள். நாரையே தாண்டிப் பறக்க முடியாத அளவுக்குப் பெரிதாம். அவ்வளவு பெருமை பேசும்போதும் மடையை எண்ணிச் சொல்ல மறக்கவில்லை, பாருங்கள்.

அந்தக் காலத்து மடையான குமிழித் தூம்பைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கண்மாய்க்குள் கல்லால் கட்டிய தொட்டி, அதற்கு இரண்டு வகைத் துளை. மேலே நீரோடி, அடியில் சேறோடி. மேல் துளை வழியாகத் தண்ணீர் வயலுக்குப் போகும், அடித்துளை வழியாக வண்டல் கலந்த சேறு வெளியேறும். கரையை ஒட்டி உள்ளே ஜோடியாகக் கல்தூண் நின்றால் அங்கே மடை இருக்கிறது என்று அர்த்தம். சின்ன வயதில் எங்களுக்கு அது தண்ணீரில் குதிக்கிற இடம், அவ்வளவுதான்.

எங்கள் ஊர்க் கம்மாயைச் சமீபத்தில் தூர் வாரினார்கள். கரையையும் உயர்த்தினார்கள், நல்ல வேலை. ஆனால் மடையைத் தொடவே இல்லை. ஷட்டர் துருப்பிடித்து இறுகிப்போய், கீழே வயல் வைத்திருப்பவர்கள் கரைமேல் மோட்டாரை வைத்துத் தண்ணீர் இறைக்கிறார்கள். கண் அடைந்துபோன கம்மாயைப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் மடையைச் சரிசெய்து கொடுங்கள் என்று கிராம சபையில் மனு கொடுத்திருக்கிறோம்.