புறதேசத்தான் ஆகிப்போன சீத்தியன்

மார்ச் 2, ஞாயிறு

இன்று ஆராதனையில் வாசித்தது, பவுல் கொலோசெ சபைக்கு எழுதிய கடிதத்தின் மூன்றாம் அதிகாரம், கொலோசெயர் 3. பதினோராம் வசனத்தில் கிரேக்கன், யூதன், அடிமை, சுயாதீனன் என்று போகும் வரிசைக்கு நடுவில் 'புறஜாதியானென்றும் புறதேசத்தானென்றுமில்லை' என்று வரும். சின்ன வயதிலிருந்து கேட்கிற வரிதான், ஆனால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே, பவுல் ஏன் இரண்டு தரம் சொல்கிறார் என்று இன்றுதான் தோன்றியது. வீட்டுக்கு வந்து கிரேக்க மூலத்தைத் திறந்தேன். முதல் சொல் பார்பரோஸ், கிரேக்கம் பேசாத அந்நியன். இரண்டாவது ஸ்கித்தேஸ், அதாவது சீத்தியன். கருங்கடலுக்கு வடக்கே புல்வெளியில் குதிரையும் வண்டியுமாக வாழ்ந்த ஒரு மக்களின் பெயர். நான் வளர்ந்த பழைய வேதாகமத் திருப்புதலில் அந்தப் பெயரே இல்லாமல் போய்விட்டது.

மார்ச் 4, செவ்வாய்

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸின் நான்காம் புத்தகம். இரவு பதினொன்றரை வரை கீழே வைக்க முடியவில்லை.

பாரசீக அரசன் தாரியு, கி.மு. 513 வாக்கில் பெரும் படையோடு சீத்தியர் நாட்டுக்குள் போகிறான். அவர்கள் நின்று சண்டை போடவே இல்லை, கிணறுகளைத் தூர்த்து, புல்லை அழித்து, பின்வாங்கிக்கொண்டே போகிறார்கள். ஏன் ஓடுகிறாய் என்று ஆள் அனுப்பிக் கேட்டதற்கு அவர்களுடைய அரசன் இதந்திர்சஸ் சொன்ன பதில்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது: நான் பயந்து ஓடவில்லை, எப்போதும் வாழ்கிற மாதிரியே வாழ்கிறேன். இழந்துவிடுவோமே என்று அவசரமாகப் போரிட எங்களுக்கு ஊரும் இல்லை, பயிரிட்ட நிலமும் இல்லை. எங்கள் தகப்பன்மாரின் கல்லறைகள் இருக்கின்றன, அவற்றைக் கண்டுபிடித்துக் கை வைத்துப் பார், அப்போது தெரியும் சண்டை போடுவோமா மாட்டோமா என்று.

வீடு வாசல் இல்லாதவனுக்குப் பற்று எதுவும் இருக்காது என்று நாம் எவ்வளவு சுலபமாக நினைத்துவிடுகிறோம்!

மார்ச் 5, புதன்

வேலை அதிகம். ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.

மார்ச் 8, சனி

இன்று முழுக்க அனகார்சிஸ். சீத்திய அரச குடும்பத்தில் பிறந்து, கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதென்ஸுக்கு வந்தவர் என்கிறார்கள். அங்கே சட்டம் வகுத்த சோலோன் வீட்டுக் கதவைத் தட்டி, உம்மோடு நட்புக் கொள்ள வந்தேன் என்றாராம். நட்பை அவரவர் ஊரில் தேடிக்கொள்வதுதான் நல்லது என்று சோலோன் சொல்ல, நீர் உம் ஊரில்தானே இருக்கிறீர், நீரே என்னை நண்பனாக்கிக்கொள்ளும் என்றாராம். சோலோன் சட்டம் எழுதுவதைப் பார்த்துவிட்டு, இது சிலந்தி வலை, எளியவன் சிக்குவான், வலியவன் கிழித்துக்கொண்டு போவான் என்று சொன்னதாகவும், வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளுடார்க் எழுதுகிறார். இவையெல்லாம் பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்டவை, அப்படியே நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனாலும் தங்களைப் பற்றித் தாங்களே கேட்க வேண்டிய கேள்விகளைக் கிரேக்கர் ஒரு சீத்தியன் வாயில் வைத்தார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அவர் முடிவு கொடுமையானது. ஊர் திரும்பியதும் காட்டுக்குள் மறைவாகக் கிரேக்க முறையில் அம்மன் வழிபாடு நடத்தினார், யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள், அரசன் சவுலியஸ் நேரில் வந்து பார்த்து அம்பெய்து கொன்றான். அனகார்சிஸைப் பற்றிக் கேட்டால் அப்படி ஒருவரைத் தெரியாது என்று சீத்தியர் சொல்லிவிடுகிறார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ்.

மார்ச் 11, செவ்வாய்

ஜெர்மன் தத்துவஞானி கான்ட் பக்கம் போனது தற்செயல்தான். 1781-இல் வந்த 'தூய அறிவின் விமரிசனம்' முதல் பதிப்பின் முன்னுரையில், எதையும் உறுதியாக அறிய முடியுமா என்று கேட்கிற சந்தேகவாதிகளை அவர் ஒருவகை நாடோடிகள் என்கிறார், நிலையாக ஓரிடத்தில் பயிர் செய்வதையே வெறுக்கிறவர்கள், அவ்வப்போது வந்து குடிவாழ்க்கையைக் கலைத்துப் போடுகிறவர்கள் என்று. 1787 பதிப்புக்கு முன்னுரையையே வேறாக எழுதிவிட்டார், அதில் இந்த வரி கிடையாது.

இதில் நான் எதிர்பார்க்காதது ஒன்று. பழைய சந்தேகவாதிகளில் எழுத்துகள் நமக்கு அதிகம் கிடைத்திருக்கிற செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ், தன் வாதங்களில் ஒன்றை அனகார்சிஸ் பெயரிலேயே சொல்கிறார்: ஒரு கலையைத் தெரியாதவன் அதை மதிப்பிட முடியாது, தெரிந்தவன் மதிப்பிட்டால் அவனை யார் மதிப்பிடுவது? ஆக, கான்ட் உவமையாகச் சொன்ன நாடோடி அந்தக் கூட்டத்தில் பெயரோடு ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறார்.

கான்ட் பயட்டிஸ்ட் குடும்பத்தில், அதாவது ஜெர்மன் லூத்தரன் சபையில் எழுந்த பக்தி இயக்கத்தைச் சேர்ந்த குடும்பத்தில் வளர்ந்தவர். அதே இயக்கத்தில் உருவானவர்தான் 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் முதலில் அச்சிட்டுக் கொடுத்தவர்.

மார்ச் 13, வியாழன்

பழைய ஏற்பாட்டில் எரேமியா 4 முதல் 6 வரை மறுபடியும் வாசித்தேன். வடக்கிலிருந்து வரும் தீங்கு, பாஷை புரியாத ஜாதி, திறந்த குழி போன்ற அம்பறாத்தூணி, குதிரை மேல் ஏறிவரும் கூட்டம். ஜெர்மன் புராட்டஸ்டண்ட் அறிஞர் பெர்ன்ஹார்ட் டூம் 1901-இல் எழுதிய உரையில் இந்தக் கவிதைகள் முதலில் சீத்தியரைப் பற்றியவை என்றார். காரணம் இருக்கிறது. சீத்தியர் பாலஸ்தீனம் வரை இறங்கி வந்ததையும், எகிப்தின் அரசன் காணிக்கையும் கெஞ்சலுமாக அவர்களைத் திருப்பி அனுப்பியதையும், போகிற வழியில் சிலர் அஸ்கலோன் கோயிலைக் கொள்ளையிட்டதையும் ஹெரோடோட்டஸ் சொல்கிறார். ஆனால் எருசலேமை அவர்கள் தொட்டதாக எங்கும் இல்லை, வடக்கிலிருந்து வந்து அழித்தது பாபிலோன்தான். அதனால் பிற்பாடு பலர் டூமை விட்டு விலகினார்கள், எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. அப்புறம், எரேமியா 51-இல் வரும் அஸ்கெனாஸ் என்ற பெயர் சீத்தியரைத்தான் குறிக்கிறது என்று அசீரியக் கல்வெட்டுகளை வைத்துச் சொல்கிறார்கள். அங்கே அவர்கள் பாபிலோனுக்கு எதிராக அழைக்கப்படுகிறார்கள்!

மார்ச் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து போதகரிடம் கேட்டேன். "ஐயா, பவுல் ஏன் குறிப்பாகச் சீத்தியனைச் சொல்ல வேண்டும்?" ஆங்கில வேத அறிஞர் லைட்ஃபுட் 1875-இல் எழுதிய உரையை எடுத்துக் காட்டினார், பார்பரோஸ்களிலும் கடைசிப் படியில் வைக்கப்பட்டவன் சீத்தியன் என்று. பவுலுக்கு ஒரு தலைமுறை பிந்திய யூத வரலாற்றாசிரியர் யோசேபுவும் அவர்களை மிருகத்துக்குச் சற்றே மேலானவர்கள் என்றுதான் எழுதுகிறார். "அடுத்த வார்த்தை என்ன, பாருங்க தம்பி" என்றார் போதகர். அடிமை. கிரேக்க நகரங்களில் சீத்தியர் அடிமைகளாக இருந்தார்கள், ஏதென்ஸில் ஒழுங்கு காத்த வில்லாளிகளே பொது அடிமைகளான சீத்தியர்தான். அப்படியென்றால் கொலோசெயில் இந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்டவர்களில் ஒருவன், தன் இனத்தின் பெயர் வந்ததும் தலை நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் வேதாகமத்தை எடுத்து, அந்த வசனத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் 'சீத்தியன்' என்று எழுதி வைத்தேன்.