பெரிய வியாழனுக்கு முன் செய்யவேண்டிய வேலை

இயேசு கடைசி இரவு உணவில் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூர்ந்து, பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் குரு சிலரின் பாதங்களைக் கழுவுகிறார். இந்தப் பாதம் கழுவும் சடங்கு பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அது நிஜமான கழுவுதலா, வெறும் காட்சியா என்பது ஒரு வாரம் முன்பே, ஆள் தேர்வின்போதே முடிவாகிவிடுகிறது. சக்ரிஸ்தியில், அதாவது வழிபாட்டுப் பொருள்களை வைத்து ஆயத்தம் செய்யும் அறையில், வேலை செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

பல பங்குகளில் (ஆலயச் சமூகங்களில்) பங்குப் பேரவை உறுப்பினர்களும் நன்கொடை கொடுத்தவர்களுமே பாதம் கழுவப்படுவோர் பட்டியலை நிரப்பிவிடுகிறார்கள். பெயர் இருந்தால் மரியாதை, விடுபட்டால் மனத்தாங்கல். சீடர்களின் காலைப் பிடித்த ஆண்டவரை நினைவுகூரும் மாலையில் இப்படி நடப்பது வேதனை. திருப்பலி நூல் பன்னிரண்டு பேர் வேண்டும் என்று எங்கும் கட்டாயப்படுத்தவில்லை. 2016 ஜனவரி 6 தேதியிட்ட வத்திக்கான் ஆணைக்குப் பிறகு ஆண்கள் மட்டும் என்ற வரம்பும் இலத்தீன் வழிபாட்டு முறையில் இல்லை. பெண்கள், இளையோர், முதியோர், நோயாளிகள் என எல்லாத் தரப்பினரையும் அழைக்கலாம். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2013-இல், திருத்தந்தை பிரான்சிஸ் ரோமின் காசல் டெல் மார்மோ இளையோர் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு கைதிகளின் பாதங்களைக் கழுவினார். அவர்களில் பெண்களும் இஸ்லாமியரும் இருந்தார்கள்.

அழைப்பைப் பீடத்திலிருந்து அறிவிக்காமல் வீட்டுக்குப் போய்க் கேட்பதே நல்லது. பித்தவெடிப்பு உள்ளவர்களும், சேற்றிலும் உப்பிலும் நின்று வேலை செய்கிறவர்களும் "என் காலையா, சாமியாரா? வேண்டாம்" என்று பின்வாங்குவார்கள். இயேசு கழுவ வந்தபோது சீடர் பேதுருவுக்கே அந்தக் கூச்சம் இருந்தது. வற்புறுத்தாமல், சடங்கு என்ன சொல்கிறது என்று பொறுமையாக விளக்கினால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். சர்க்கரை நோய் இருக்கிறதா, காலில் புண் இருக்கிறதா என்றும் அப்போதே தனியாகக் கேட்டுவிட வேண்டும். ஆறாத புண் இருந்தால் அந்தக் காலைத் தவிர்த்து மற்றதைக் கழுவலாம்.

இனி தண்ணீர். ஒருவருக்கு அரை லிட்டர் என்று கணக்கிட்டால் பன்னிரண்டு பேருக்கு ஆறு லிட்டர். கையிருப்பாக இன்னும் இரண்டு. மறையுரை நீண்டால் வெந்நீர் ஆறிவிடும் என்று கொதிக்கக் கொதிக்க வைப்பவர்கள் உண்டு. அது ஆபத்து. நரம்பு மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது. மூடிய பாத்திரத்தில் வைத்து, நற்செய்தி வாசிக்கும் நேரத்தில் முழங்கையை நனைத்துப் பார்த்து, வெதுவெதுப்பு போதும் என்றால் அப்படியே விடலாம். பன்னீரும் ரோஜா இதழும் வேண்டாம். இதழ் கால்விரல்களில் ஒட்டிக்கொள்ளும், குரு அதை எடுத்துக்கொண்டிருப்பார்.

துண்டு தலைக்கு ஒன்று, உபரி இரண்டு. புதுத் துண்டு கஞ்சிப் பசையோடு இருக்கும், ஈரத்தை உறிஞ்சாது. இரண்டு முறை துவைத்த பருத்தித் துண்டுதான் சரி. துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். விரல் இடுக்கில் ஈரம் நின்றால் செருப்புப் போடும்போது வழுக்கும். பளிங்குத் தரையில் நாற்காலிகளுக்கு முன் தடித்த விரிப்பு கட்டாயம். மூத்த குருவுக்கு முழங்கால் வலி இருந்தால் தாழ்வான முக்காலி போடலாம். நின்றபடி குனிந்து நாலு சொட்டுத் தெளிப்பதைவிட, உட்கார்ந்து முழுப் பாதத்தையும் கையில் ஏந்துவது எவ்வளவோ மேல். பாதத்தை முத்தமிட வேண்டும் என்று நூல் கேட்கவில்லை. செய்ய மனம் இருப்பவர் செய்யட்டும், படம் எடுப்பதற்காக வேண்டாம்.

படம் எடுப்பவர்களால் வரும் தொல்லை தனி. குடும்பத்தார் கைப்பேசியோடு முன்னால் வந்துவிட்டால் பீடச்சிறுவர் குவளையோடு நகர இடம் இருக்காது, குருவும் அறியாமலே முகத்தை நிமிர்த்துவார். ஓர் ஒளிப்படக்காரர், பக்கவாட்டில், பிளாஷ் இல்லாமல். இதைத் திருப்பலிக்கு முன்பே அறிவித்துவிட வேண்டும். பாடகர் குழுவுக்கும் ஒரு வார்த்தை: பாட்டு முடிகிறதே என்று கழுவுதலை வேகப்படுத்தக் கூடாது. தீர்ந்துவிட்டால் மௌனமாக இருக்கலாம்.

அடிக்கடி மறந்துபோவது குருவின் கை. கழுவி முடித்ததும் அவர் கைகளைக் கழுவித் துடைத்த பிறகே திருப்பலி மேலாடையை மறுபடி அணிகிறார். அதற்குத் தனிக் கிண்ணம், சோப்பு, துண்டு வேண்டும். ஞாயிறுகளில் சொல்லும் விசுவாச அறிக்கை அன்று கிடையாது, நேராக மன்றாட்டுகள். ஆகவே விரிப்பையும் பேசினையும் அகற்ற இருவரை முன்கூட்டியே நிறுத்தி வைக்க வேண்டும். அழுக்குத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடலாம். துண்டுகளைத் துவைத்துக் கொடியில் போடுவதும், நற்கருணை (அர்ச்சித்த அப்பம்) பவனிக்குப் பின் பீடத் துணிகளைக் கழற்றுவதும் அன்றிரவே முடியவேண்டிய வேலை. பட்டியலில் பெயர் கேட்டு வந்தவர்களை இந்த வேலைக்கும் அழைத்துப் பார்க்கலாம், சிலர் சந்தோஷமாகவே வருகிறார்கள்.